நன்றியுரையில் இல்லாத பெயர்கள்

வெரிபீ, மெல்பேண்
3.8.1975

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். மெல்பேண் குளிர்தான் ஒருவருக்கும் சுகம் தருவதாயில்லை. யோகா மச்சாளின் முதுகுவலி எப்படி? மகள் வாசுகிக்கு இருமல் விட்டதா? இராஜேஸ்வரி அன்ரி தன் வீட்டு முன்னறையில் எனக்கு ஒரு ஹீற்றர் வைத்துத் தந்திருக்கிறா. வேலைக்குப் போக ஒரு றெயில், வர ஒரு றெயில் என்று நாள் ஓடுகிறது.

ஒரு விசயம் சொல்ல வேண்டும். இரண்டு வருடமாக இந்த நாடக அரங்கின் ரிக்கற் யன்னலுக்குப் பின்னால் இருக்கிறேன். எந்த நாடகம் நிரம்பும், எது காற்று வாங்கும், ஏன் என்று எனக்கு விளங்கத் தொடங்கிவிட்டது. அரங்கை நடத்துவதும் ஒரு தொழில், அண்ணா. நடிப்பவர்கள் வேறு, நடத்துபவர்கள் வேறு. இங்கே ஒரு கல்லூரியில் வரும் வருடம் அதற்கென்றே ஒரு பட்டப் படிப்புத் தொடங்குகிறார்கள். கலை நிர்வாகம் என்று பெயர். நாடக அரங்கு, இசை மண்டபம், கண்காட்சி எல்லாவற்றையும் நடத்தப் பழக்குவார்கள். போன வருடம் அரசாங்கம் கல்லூரிக் கட்டணத்தை எடுத்துவிட்டதால் படிப்புக்குச் செலவில்லை. பின்னேரத்தில் ரிக்கற் யன்னலையும் விட வேண்டியதில்லை.

விண்ணப்பம் போடப் போகிறேன். உங்கள் வாயால் "சரி" என்று ஒரு சொல் வந்தால் எனக்குப் பலம். மச்சாளுக்கும் பிள்ளைக்கும் என் அன்பு.

உங்கள் தங்கை,
கலா

---

பரமட்டா, சிட்னி
17.8.1975

அன்புத் தங்கச்சி சந்திரகலாவுக்கு,

இறைவன் அருளால் இங்கே எல்லோரும் நலம். நீ குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை சிரித்தேன், இரண்டாம் முறை சிரிப்பு வரவில்லை. உதென்ன படிப்பு? திரை கட்டவும் கதவு திறக்கவும் ஒரு பட்டமா? நான் உன்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டது கூத்தாடிகளுக்குக் கணக்கப்பிள்ளை வேலை பார்க்கவா? அம்மாவுக்கு யாழ்ப்பாணத்துக்கு என்னவென்று எழுதுவேன்? "பிள்ளை என்ன படிக்கிறாள்" என்று ஊரில் கேட்டால் அம்மா எதைச் சொல்லுவா?

கணக்கியல் படி. ஆசிரியப் பயிற்சிக்குப் போ. கேளிக்கைத் தொழில்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால் அதற்கும் ஒரு மரியாதையான வழி இருக்கிறது. சிட்னியில் ஒரு தனியார் நிலையம் உண்டு. ஜெயரட்ணத்தின் மகன் அங்கேதான் படிக்கிறான். கட்டணம் உயிரை வாங்கும், ஆனால் கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு போய் வருகிறான். அவர்களுடைய கையேட்டை இதோடு அனுப்புகிறேன், எவ்வளவு வழுவழுப்பு என்று தடவிப் பார். சும்மா கிடைப்பதற்கு உலகத்தில் எங்கேயாவது மதிப்பிருக்கிறதா?

தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு, நவம்பர் ஒன்பதாம் தேதி, நம் ஆட்கள் ஒரு கலைவிழா வைக்கிறார்கள். நான்தான் செயலாளர். இரத்தினசிங்கம் அங்கிள் தலைவர். நீ கட்டாயம் வர வேண்டும். தேத்தண்ணி கொடுக்க ஆள் போதாது.

அன்பு அண்ணா,
அரியரத்தினம்

கலா, இவர் எனக்கு இரண்டு வரி இடம் விட்டிருக்கிறார். முதுகு பரவாயில்லை. நீர் எழுதினதை நானும் வாசித்தனான். யோகா.

---

வெரிபீ
2.9.1975

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கோபம் பத்திரமாக வந்து சேர்ந்தது. என்னுடையது இதோடு வருகிறது. மச்சாளுக்கு அடுத்த முறை நாலு வரியாவது இடம் விடுங்கள்.

கையேட்டைத் தடவிப் பார்த்தேன். வழுவழுப்புத்தான். முத்துமாலை போட்ட ஒரு வெள்ளைக்காரி சிவப்புத் திரைக்கு முன்னால் சிரிக்கிறாள். படிப்பிப்பவர்கள் பெயரைத் தேடினேன், ஒரு பெயரும் இல்லை. உடனே அவர்களுக்கு எழுதிக் கேட்டேன். படிக்கிறவர்கள் எத்தனை கிழமை உண்மையான அரங்கில் வேலை பழகுவார்கள் என்று கேட்டதற்கு, வருடத்துக்கு ஒரு முறை ஒரு ஸ்ரூடியோவைச் சுற்றிக் காட்டுவோம் என்று பதில் வந்தது. படித்து முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்றதற்கு "பல்வேறு துறைகளில்" என்றார்கள். அவர்கள் தருவது பட்டமே இல்லை, அண்ணா. நல்ல கடுதாசியில் அச்சடித்த ஒரு சான்றிதழ், அதை எந்தப் பல்கலைக்கழகமும் ஏற்காது. ஜெயரட்ணம் அங்கிளின் மகன் பாவம். அவனுடைய அப்பா வாங்கினது அந்தக் கழுத்துப் பட்டியை மட்டும்தான்.

அதே கேள்விகளை மெல்பேண் கல்லூரியிடம் நேரே போய்க் கேட்டேன். கட்டிடம் ஒரு காலத்தில் பிஸ்கட் களஞ்சியம், மழைக்கு ஒழுகும். ஆனால் பாடம் எடுக்கப் போகிற அம்மா ஒரு நாடகக் குழுவை லொறியில் ஏற்றி ஊரூராகக் கொண்டு திரிந்தவ. ஒவ்வொரு வருடமும் ஒரு தவணை, மூன்று மாதம் முழுக்க, அரங்கில் வேலை பழக வேண்டும். தருவது பட்டம், மேலே படிக்கவும் போகலாம். தானமாகக் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பிடித்துப் பார்த்தேன். பல் நன்றாகத்தான் இருக்கிறது.

விலை கூடினால் தரம் கூடும் என்று எங்கள் ஆட்களைப் போல நம்புகிறவர்களை நான் எங்கேயும் காணவில்லை. சந்தையில் கத்தரிக்காய்க்கு மாத்திரம் பேரம் பேசுவோம்.

அம்மாவுக்கு நானே எழுதிவிட்டேன். விழாவுக்கு வருவேன்.

அன்புடன்,
கலா

---

பரமட்டா
20.9.1975

அன்புத் தங்கச்சிக்கு,

நலம், நலமறிய அவா. உன் கடிதத்துக்கு ஆறுதலாகப் பதில் எழுதுவேன். இப்போது விழா வேலை தலைக்கு மேல் இருக்கிறது.

பொதுவாக ஒன்று கேட்கிறேன். ஒரு மண்டபத்தில் முந்நூறு பேர் இருக்கலாம் என்றால், எத்தனை குடும்பங்களுக்குச் சொல்லலாம்? ஒலிபெருக்கியை மண்டபக்காரர் தருவார்களா, நாங்கள் கொண்டுபோக வேண்டுமா? பிள்ளைகளின் நடனம் ஆறு, வாய்ப்பாட்டு ஒன்று, வயலின் ஒன்று, பேச்சு மூன்று. இவற்றை எந்த ஒழுங்கில் வைப்பது? உனக்குத் தெரிந்திருந்தால் எழுது, அவசரமில்லை. இந்தக் கிழமைக்குள் கிடைத்தால் போதும்.

மண்டபத்தை யோகா போய்ப் பதிந்துவிட்டாள். கவுன்சில் அலுவலகம் பகலில்தான் திறந்திருக்கும், குழுவில் ஒருவருக்கும் லீவு எடுக்க முடியாது. அது மீன்கடைக்குப் பக்கம், எப்படியும் அவள் போகிற வழி.

அன்பு அண்ணா,
அரியரத்தினம்

கலா, படிவம் நீளம். என் பெயரிலேயே பதியச் சொன்னார்கள், போட்டுவிட்டு மீனையும் வாங்கிக்கொண்டு வந்தேன். வாசுகி "அன்ரி எப்ப வாறா" என்று தினமும் கேட்கிறாள். அவளும் ஆடுகிறாள். யோகா.

---

வெரிபீ
27.9.1975

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். பொதுவாகக் கேட்டதற்குப் பொதுவாகவே பதில் சொல்கிறேன்.

அழைப்பு அனுப்பினால் எத்தனை பேர் வருவார்கள் என்று பிள்ளையாருக்கும் தெரியாது. ரிக்கற் அடியுங்கள். காசு வாங்க மனமில்லாவிட்டால் இலவச ரிக்கற் அடியுங்கள், ஆனால் இலக்கம் இருக்கட்டும். சின்னப் பிள்ளைகளின் நடனங்களை முதலில் வையுங்கள், அவர்களை நித்திரை வருமுன் மேடையேற்ற வேண்டும். மூன்று பேச்சு வேண்டாம், ஒன்று போதும், அதையும் நடுவில் வையுங்கள். ஒலிபெருக்கியைப் பற்றி மண்டபக் காவலர் கெவினிடம் ரெலிபோனில் கேட்டேன். மேடையில் ஒன்று இருக்கிறதாம், சுவிச் பக்கத்துத் திரைக்குப் பின்னால். எல்லாவற்றையும் நேரத்தோடு ஒழுங்காக எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

முக்கியமான விசயம்: மண்டபம் மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரைதான் நமக்கு. ஒன்பதுக்குக் கெவின் கதவைப் பூட்டுவான். ஐந்துக்குத் தொடங்குங்கள்.

கல்லூரி என்னை நேர்முகத்துக்குக் கூப்பிடலாம் என்று எழுதியிருக்கிறது.

அன்புடன்,
கலா

---

பரமட்டா
19.10.1975

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே சுகம். பதில் எழுதச் சுணங்கிவிட்டது.

உன் குறிப்புகளைக் குழுவில் வைத்தேன். நானே யோசித்ததாகத்தான் வைத்தேன், இல்லாவிட்டால் கேட்டிருக்க மாட்டார்கள். பெரும்பாலும் ஏற்றுக்கொண்டார்கள். ரிக்கற் மட்டும் அழகில்லையாம். "கலியாண வீட்டுக்கு ரிக்கற் அடிக்கிறதே?" என்று இரத்தினசிங்கம் அங்கிள் கேட்டார். பேச்சையும் குறைக்க முடியாது, மூன்று பேருக்கும் சொல்லியாகிவிட்டது. ஐந்துக்குத் தொடங்கவும் வழியில்லை. ஞாயிறு நாலரை முதல் ஆறு வரை ராகுகாலம். ஆறுக்கு விளக்கேற்றுவோம்.

கல்லூரிக் கதையைப் பிறகு பார்ப்போம்.

அன்பு அண்ணா,
அரியரத்தினம்

கலா, நீர் வாறபோது உறுதியான செருப்போடு வாரும். யோகா.

---

வெரிபீ
16.11.1975

அண்ணாவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு இன்றைக்கு மனமில்லை. எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன்.

விழா நடந்து ஒரு கிழமையாகிவிட்டது. இந்த ஒரு கிழமையும் நான் கோபத்தோடுதான் றெயிலில் போய் வந்தேன். நீங்கள் மேடைக்கு முன்னால் இருந்தீர்கள். மேடைக்குப் பின்னால் நடந்தது உங்களுக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்கிறேன். ஆகவே எழுதுகிறேன்.

ஐந்தரைக்குப் பிள்ளைகள் உடுப்பும் நகையும் போட்டு ஆயத்தம். ஆறுக்கு நான் திரி திரித்து எண்ணெயும் விட்டுவிட்டேன். அப்போது இரத்தினசிங்கம் அங்கிள் பஞ்சாங்கத்தோடு உள்ளே வந்தார். "தங்கச்சி, பொறு. கோடை காலத்துக்கெண்டு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினது கவுண்மென்ற். சூரியனைத் தள்ளேல்லை. அப்ப ராகுகாலம் ஏழு மணிக்குத்தான் முடியும்" என்றார். அது யாழ்ப்பாணத்துச் சூரியனுக்கு எழுதின பஞ்சாங்கம், இங்கே சூரியன் உதிக்கிற நேரமே வேறு என்று சொன்னேன். "சூரியன் எல்லா இடமும் ஒண்டுதான், பிள்ளை" என்றார். நீங்கள் பக்கத்தில் நின்று தலையாட்டினீர்கள். ஒரு பொறியியலாளர்!

ஏழுக்கு விளக்கு. பிறகு தேவாரம், உங்கள் வரவேற்புரை, அங்கிளின் தலைமையுரை. அதற்குப் பிறகு டொக்டர் வரதராஜா தமிழின் தொன்மையைத் தொடங்கினார். எட்டரைக்கும் அவர் சங்ககாலத்தைத் தாண்டவில்லை. ஒரு பிள்ளை கூட ஆடவில்லை. உங்கள் வாசுகி சலங்கையோடு அரிசிச் சாக்கில் சாய்ந்து நித்திரை. மை கன்னமெல்லாம் வழிந்திருந்தது. அந்த உடுப்பைத் தைக்க மச்சாள் எத்தனை நாள் குனிந்திருந்தா என்று உங்களுக்குத் தெரியும்.

கெவின் சாவியோடு வந்து நின்றான். பெரியவர்கள் ஒருவரும் அவனிடம் பேசப் போகவில்லை. நான் போனேன். ஒன்பதுக்குப் பிறகு அவனுக்கு என்ன வேலை என்று கேட்டேன். ஆட்கள் இருந்த கதிரைகளை அடுக்கி, கூட்டி, துடைக்க வேண்டும், பத்துக்குத்தான் வீடு என்றான். "அதை நாங்கள் செய்கிறோம். நீ உன் நேரத்துக்கே வீட்டுக்குப் போகலாம், எங்களுக்கு ஒரு மணித்தியாலம் தா" என்றேன். யோசித்தான். பதிந்தவர் கையொப்பம் போட்டால் சரி என்றான். மச்சாள் வடை சுட்டுக்கொண்டிருந்த குசினியிலிருந்து உளுந்து மா அப்பின கையோடு வந்து கையொப்பம் போட்டா.

டொக்டர் நிறுத்துவதாக இல்லை. ஒலிபெருக்கி பழுதாகிவிட்டது என்று நீங்கள் எல்லோரும் நினைத்தீர்கள். பழுதில்லை. திரைக்குப் பின்னால் சுவிச்சை நிறுத்தினது நான்தான். அவர் குரலைக் காணாமல் தேடுகிற இடைவெளியில் பிள்ளைகளை மேடைக்குத் தள்ளினேன். ஆறு நடனமும் நடந்தது. வாசுகி அரை நித்திரையில் தொடங்கி முழு விழிப்பில் முடித்தாள். நீங்கள் கண் துடைத்ததைத் திரை இடுக்கால் பார்த்தேன், அப்போது எனக்கு உங்கள் மேல் அவ்வளவு அன்பு வந்தது.

அதற்குப் பிறகுதான் நன்றியுரை. மாலை கொண்டுவந்தவருக்கு நன்றி. கார் நிறுத்த இடம் காட்டினவருக்கு நன்றி. "சிற்றுண்டி பரிமாறிய மகளிருக்கு" நன்றி. "சிறந்த நிர்வாகத்தால் விழாவைச் சிறப்பித்த செயலாளர் அரியரத்தினத்துக்கு" பொன்னாடை. கைதட்டு. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற கதை. நீங்கள் மறுத்து ஒரு வார்த்தை சொல்லுவீர்கள் என்று நான் திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், அண்ணா. பார்த்துவிட்டுப் பொன்னாடையின் ஒரு பக்கத்தை இழுத்துச் சரிசெய்தீர்கள். பிறகு எல்லோரும் காருக்குப் போனீர்கள். நானும் மச்சாளும் கதிரை அடுக்கினோம்.

இந்தத் தொழிலைத்தான் திரை கட்டுகிற வேலை என்று நீங்கள் சிரித்தீர்கள். அது இல்லாவிட்டால் உங்கள் மகள் அன்றைக்கு ஆடியிருக்க மாட்டாள். நான் செய்தால் கூத்து, உங்கள் தோளில் விழுந்தால் நிர்வாகமா?

இப்போது என் தேவைக்கு வருகிறேன். டிசம்பர் பதினைந்தில் எனக்கு நேர்முகம். ஏதாவது ஒரு நிகழ்ச்சியை நடத்தினேன் என்று அதை வைத்தவர்களிடமிருந்து ஒரு கடிதம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். கடிதம் இல்லாவிட்டால் இடமில்லை. போன செவ்வாய் அரசாங்கத்தையே கலைத்துவிட்டார்கள், இலவசப் படிப்பு எவ்வளவு காலத்துக்கு என்று ஒருவருக்கும் தெரியாது. இந்த வருடம் தவறினால் எனக்கு இன்னொரு வருடம் கிடைக்குமோ தெரியாது. செயலாளர் என்று கையொப்பமிட்டு நடந்ததை நடந்தபடி நாலு வரி எழுதித் தாருங்கள்.

கலா

---

பரமட்டா
30.11.1975

அன்புள்ள சந்திரகலாவுக்கு,

இங்கே யாவரும் நலம். உன் கடிதம் கிடைத்தது. மூத்தவர்களைப் பற்றி எழுதும்போது சொல்லை அளந்து எழுதப் பழகு.

நீ கேட்ட கடிதத்தைப் பற்றி யோசித்தேன். குழுவில் ஒன்பது பேர் இருக்கிறோம். எல்லோரும் குடும்பஸ்தர், உத்தியோகத்தர். விழாவை ஒரு பெண்பிள்ளைதான் நடத்தினாள் என்று செயலாளரே எழுத்தில் கொடுத்தால் நாளைக்கு அவர்கள் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? அதோடு டொக்டரின் ஒலிபெருக்கி விசயம் வெளியே வந்தால் என்னாகும் என்று நினைத்துப் பார்.

"சிற்றுண்டி ஏற்பாடுகளில் சிறப்பாக உதவினார்" என்று எழுதித் தர அங்கிள் சம்மதிக்கிறார். வேண்டுமென்றால் சொல்.

கணக்கியல் வகுப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது.

அண்ணா,
அரியரத்தினம்

---

வெரிபீ
4.12.1975

அண்ணாவுக்கு,

சுகம். சிற்றுண்டிக் கடிதம் வேண்டாம். அதையும் மச்சாள்தான் செய்தா, அவவுடைய வடையை நான் திருட மாட்டேன்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். பொன்னாடையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கீழே மச்சாளுக்கு விடுகிற இடமும் இல்லை.

கடிதமில்லாமலே போய் நிற்பேன். அவர்கள் வேண்டாம் என்றால், யாரால் என்று எனக்குத் தெரியும்.

கலா

---

பரமட்டா
9.12.1975

அன்புள்ள கலாவுக்கு,

கடவுள் துணை. நான் சுகம், முதுகும் சுகம். வாசுகி சலங்கையைக் கழற்ற மாட்டேன் என்று பள்ளிக்கூடத்துக்கும் கட்டிக்கொண்டு போகப் பார்க்கிறாள்.

உமக்கு நான் எழுதுகிற முதல் முழுக் கடிதம் இது. போன முறை எழுதப் பேனையை எடுத்தேன், அதற்குள் உம்முடைய அண்ணா உறையை ஒட்டிவிட்டார். உமது நாலாம் தேதிக் கடிதத்தை மேசையில் விட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தார். வாசித்தேன். வாசித்து முடித்தவுடன் சேலையை மாற்றிக்கொண்டு நூல்நிலையத்துக்குப் போனேன். உமக்காக மட்டும் இல்லை.

நான் யாழ்ப்பாணத்தில் வேம்படிப் பள்ளிக்கூடத்தில் எட்டு வருடம் இங்கிலீஷ் படிப்பித்தவள். இந்த ஊரில் அது ஒருவருக்கும் ஞாபகமில்லை. சில நாள் எனக்கே ஞாபகம் வருவதில்லை. "சிற்றுண்டி பரிமாறிய மகளிர்" என்றபோது குசினிக்குள் நாங்கள் ஏழு பேர் நின்றோம். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தோம், வேறென்ன செய்வது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இதோடு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். இங்கிலீஷில், நூல்நிலையத்து ரைப்ரைற்றரில் நானே அடித்தேன். மண்டபத்தை வாடகைக்கு எடுத்தவர் என்ற முறையில் எழுதியிருக்கிறேன். நிகழ்ச்சி ஒழுங்கை நீர் எழுதினது, கெவினோடு பேசி நேரம் வாங்கினது, பிள்ளைகளை மேடையேற்றினது எல்லாம் இருக்கிறது. ஒலிபெருக்கியை "உரிய நேரத்தில் கையாண்டார்" என்று போட்டேன். கெவினும் தன் பங்குக்கு இரண்டு வரி எழுதிக் கையொப்பம் வைத்தான். அப்படிச் சுத்தமாக அந்த மண்டபத்தை ஒருவரும் திருப்பித் தந்ததில்லையாம்.

இரவு சாப்பாட்டு மேசையில் இவரிடம் சொன்னேன். ஒளித்துச் செய்ய எனக்கு விருப்பமில்லை. "குழுவைக் கேக்காமல் எப்பிடிக் குடுப்பாய்?" என்று கத்தினார். "மண்டபம் தரேக்க குழுவையே கேட்டவங்கள்? என்னைத்தானே கேட்டவங்கள். ஒரு கதிரை உடைஞ்சிருந்தா ஆரிட்டை வந்திருப்பாங்கள்?" என்றேன். சோற்றில் கை வைத்தபடி இருந்தார்.

உம்முடைய அண்ணா கெட்ட மனுசன் இல்லை. ஆனால் நல்ல மனுசன் என்றே எல்லோரும் சொல்லிச் சொல்லி, அவருக்கு அதற்குமேல் ஒன்றும் செய்யத் தேவையில்லாமல் போய்விட்டது.

பதினைந்தாம் தேதி நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போம். நீலச் சேலையைக் கட்டும்.

அன்புடன்,
யோகராணி

---

பரமட்டா
8.2.1976

அன்புத் தங்கச்சிக்கு,

நலம், நலமறிய அவா. கல்லூரியில் உனக்கு இடம் கிடைத்ததை யோகா சொன்னாள். சந்தோசம். கட்டிடம் ஒழுகும் என்றாய், குடை கொண்டு போ. அம்மாவும் எழுதியிருக்கிறா. பிள்ளை நிர்வாகம் படிக்கிறாள் என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறாவாம்.

சித்திரை வருடப் பிறப்புக்கு ஒரு விழா வைக்கக் குழு தீர்மானித்திருக்கிறது. அதே மண்டபம். ஆனால் யோகா பதிய மாட்டேன் என்கிறாள். நான் லீவு எடுத்துக்கொண்டு கவுன்சிலுக்குப் போனேன். அங்கே இருந்த பெண் "யோகராணி வரவில்லையா?" என்று கேட்டாள். அவள் பெயரில் என்றால் உடனே தருவார்களாம். புதுப் பெயர் என்றால் பிணைக்காசும் இரண்டு பேர் சிபாரிசும் வேண்டுமாம். என்னிடம், கலா! ஏழு வருடமாக இந்த ஊரில் பாலம் கட்டுகிறேன்.

நீ அவளுக்கு ஒரு வரி எழுதினால் கேட்பாள். நிகழ்ச்சி ஒழுங்கையும் நீயே எழுதி அனுப்பு.

ஒரு பார்சலும் தனியாக அனுப்பியிருக்கிறேன். வந்து சேர்ந்ததா என்று எழுது.

அன்பு அண்ணா,
அரியரத்தினம்

கலா, இந்த முறை கீழே அரைப் பக்கம் விட்டிருக்கிறார். எழுத ஒன்றும் மிச்சமில்லை. நான் முடிவை மாற்றவில்லை. யோகா.

---

வெரிபீ
22.2.1976

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். வாசுகிக்கு என் முத்தம். வகுப்புத் தொடங்கி ஒரு கிழமை. முதல் நாளே வாளி வைத்துத்தான் பாடம். "இதுவரைக்கும் எதை நடத்தினீர்கள்" என்று ஒவ்வொருவரையும் ஆசிரியை கேட்டா. நான் பரமட்டாக் கதையைச் சொன்னேன். சூரியனைத் தள்ளாத கதைக்கு வகுப்பே சிரித்தது. அவ மட்டும் சிரிக்காமல், "அந்த விழாவின் நிர்வாகி யார்?" என்றா. "நானும் என் மச்சாளும்" என்றேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து வெளியே வந்தது அன்றைக்குத்தான். வீட்டுக்கு வரும் றெயிலில் நன்றாக அழுதேன்.

பார்சல் வந்தது. பிரித்தவுடன் அந்தப் பொன்னாடையைக் கண்டுகொண்டேன். நன்றாக மடித்திருந்தீர்கள். உள்ளே ஒரு துண்டுக் கடுதாசியாவது இருக்குமா என்று உதறிப் பார்த்தேன், இல்லை. உங்களுக்கு அதை அனுப்ப எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்கு விளங்குகிறது. ஆனாலும் எனக்கு இன்னும் கோபம்தான், அதை மறைக்க மாட்டேன்.

மச்சாளுக்கு நான் எழுதமாட்டேன். அவவிடம் நீங்களே கேட்க வேண்டும், மீன்கடைக்குப் போகிற வழியில் என்று சொல்லாமல். நிகழ்ச்சி ஒழுங்கை எழுதித் தருவேன். விழா அழைப்பிதழில் போட்ட நேரத்துக்குத் தொடங்க வேண்டும், பேச்சு ஒன்று. அழைப்பிதழில் தலைவர், செயலாளர் பெயர்களுக்குக் கீழே "விழா நிர்வாகம்: திருமதி யோகராணி அரியரத்தினம்" என்று அதே அளவு எழுத்தில் ஒரு வரி இருக்க வேண்டும். இங்கிலீஷ் ஆசிரியை என்றும் போடுங்கள். என் பெயர் வேண்டாம், எனக்கு இப்போது வகுப்பு இருக்கிறது. அச்சுக்குக் கொடுக்குமுன் ஒரு பிரதியை எனக்கு அனுப்புங்கள்.

பொன்னாடையைத் திருப்பி அனுப்புகிறேன். அதை உங்களுக்குப் போர்த்தினபோது முந்நூறு பேர் பார்த்தார்கள். எனக்கு நீங்கள் தந்ததைத் தபால்காரன் மட்டும் பார்த்தான். சபையில் எடுத்ததைப் பார்சலில் திருப்பித் தர முடியாது, அண்ணா. சித்திரையில் அதே மேடைக்கு அதைக் கொண்டு வாருங்கள். மச்சாளைக் குசினியிலிருந்து கூப்பிடுங்கள், அவ கை கழுவிவிட்டு வரும் வரைக்கும் எல்லோரையும் காத்திருக்கச் சொல்லுங்கள். ராகுகாலத்துக்காக ஒரு மணித்தியாலம் காத்திருந்த சபைதானே.

அன்றைக்கு நானும் வருவேன், நீங்கள் அவவைப் பற்றி எவ்வளவு நேரம் பேசினாலும் ஒலிபெருக்கியைத் தொடமாட்டேன்.

உங்கள் தங்கை,
கலா